முந்நூறு புத்தகங்களுக்கு ஒரே பொட்டு

கட்டாரில் வேலை செய்யும் அண்ணன் விடுமுறைக்கு வந்தபோது, சவர்க்காரக் கட்டிகளுக்கும் பால்மா பைக்கற்றுகளுக்கும் நடுவில் ஒரு தட்டையான பெட்டியைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான்.

"இந்தா. இனிமே புத்தகம் இல்ல, நோட்டு இல்லன்னு சாக்குச் சொல்லக் கூடாது. இந்தத் தடவ பாஸ் பண்ணிக் காட்டு" என்று என் மடியில் போட்டான்.

ஆசிரியர் நியமனத்துக்கான போட்டிப் பரீட்சையை நான் ஒருமுறை எழுதி, கொஞ்சப் புள்ளிகளில் கோட்டைவிட்டிருந்தேன். அடுத்த பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது. அதையும் விட்டால் மறுபடி எப்போது கூப்பிடுவார்களோ, யாருக்கும் தெரியாது. அதுவரை பண்டாரவளையில் ஒரு கொமினிகேசன் கடையில் ஊர்ப் பிள்ளைகளின் புத்தகங்களையெல்லாம் போட்டோக்கொப்பி எடுத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

பெட்டியைத் திறந்தேன். கறுப்பாக, மெல்லிசாக, கொப்பி அட்டை அளவில் ஒரு பொருள். முகப்பில் ஒரு மரத்தின் படம் ஒட்டியிருந்தது. புதுச் சாமான் மேல் ஒட்டி வருகிற தாள் என்று நினைத்து, நகத்தால் ஓரத்தைச் சுரண்டினேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்திச் சுரண்டினேன். அண்ணன் பாய்ந்து வந்து பிடுங்கினான்.

"லூசு, அது ஸ்கிரீன்டி!"

நிறுத்தி வைத்தாலும் படம் அப்படியே நிற்குமாம். வெளிச்சம் கிடையாது, மினுக்கம் கிடையாது. பத்திரிகைத் தாளைக் கண்ணாடிக்குள் வைத்த மாதிரி அத்தனை அமைதி. எனக்கு அந்த நிமிடமே பைத்தியம் பிடித்துவிட்டது.

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற கை அவருடையது. எதையும் தூக்கிப் பார்த்து எடை சொல்வார். இதையும் தூக்கிப் பார்த்தார்.

"சிம் எங்க போடுறது?"

"சிம் இல்லப்பா."

"படம் பாக்கலாமா?"

"முடியாது."

"பாட்டு?"

"அதுவும் இல்ல."

"அப்ப என்னதான் செய்யும்?"

"புத்தகம் படிக்கலாம்."

அப்பா அண்ணனின் தோளைத் தட்டினார். "பாவம்டா, ஒன்ன நல்லா ஏமாத்திட்டானுங்க."

முதல் வாரம் எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. தமிழ் மின்புத்தகம் ஒன்றை ஏற்றினால் கொம்பு ஒரு பக்கம் நிற்கும், எழுத்து ஒரு பக்கம் நிற்கும், நடுவில் புள்ளி வைத்த வட்டங்கள் உருண்டு கிடக்கும். ஸ்கேன் செய்த பக்கமோ எறும்பு ஊர்ந்த மாதிரி தெரியும். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் எழுத்துருவை மாற்றி, ஓரத்தை வெட்டி, கணினியில் ஏற்றி, இறக்கி, திரும்ப ஏற்றி, ஒருநாள் மத்தியானம் பக்கம் முழுவதும் ஒழுங்கான தமிழ் வந்து நின்றது. சந்தோஷத்தில் கத்திவிட்டேன். போட்டோக்கொப்பி எடுக்க வந்திருந்த சிங்கள ஐயா, லொத்தர்ச் சீட்டு விழுந்ததா என்று கேட்டார்.

அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க ஆளில்லை. கடைக்குப் போகிற பூனாகலைப் பாதையில் பஸ் ஒவ்வொரு வளைவிலும் நம்மை ஒருவர் மேல் ஒருவராகக் கொட்டும். ஒரு கையால் கம்பியைப் பிடித்தால் மற்றக் கையால் புத்தகத்தை விரிக்கலாம். பக்கத்தைப் புரட்ட மூன்றாவது கை வேண்டும். இதற்கு ஒரு கட்டைவிரல் போதும். பக்கத்து ஆள் எட்டிப் பார்த்து, "தங்கச்சி, போன் கலர் போயிருச்சு போல, கடைக்குக் குடுங்க" என்று ஆலோசனை சொல்வார். பக்க எண்ணுக்குப் பதில் கீழே சதவீதம் ஓடும். பஸ் ஏறும்போது பன்னிரண்டு, இறங்கும்போது பதினெட்டு. படிப்பு இப்படி ஏறுவதைக் கண்ணால் பார்ப்பது எவ்வளவு சுகம்! எல்லாப் பாடத்தையும் ஏற்றினேன், கதைகளை ஏற்றினேன், எப்போதாவது படிக்கலாம் என்று சமையல் குறிப்பைக்கூட ஏற்றினேன். முந்நூறு ஆனது. நாங்கள் இருக்கும் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், யாரைக் கண்டாலும், "இதுக்குள்ள முந்நூறு புத்தகம் இருக்கு" என்று சொல்லாமல் விடமாட்டேன். போனில் இடம் அடைக்கிறதென்று அதில் இருந்த பாடக் குறிப்புகளை அழித்தேன்.

தாள் புத்தகங்களையும் விட்டுவைக்கவில்லை. எங்கள் லயத்துக் கூரை மழைக்கு ஒழுகும். ட்ரங்குப் பெட்டிக்குள் இருந்த என் பரீட்சைப் புத்தகங்கள் பாதி பூஞ்சணம் பிடித்திருந்தன. மேல் லயத்தில் ஒரு தங்கச்சி இருக்கிறாள். உயர்தரம் முடித்துவிட்டுத் தன் அம்மாவோடு கொழுந்து பறிக்கப் போகிறவள். அவளும் அதே பரீட்சைக்கு விண்ணப்பித்திருந்தாள். ஒரு சாக்கில் கட்டி மொத்தத்தையும் அவளிடம் கொடுத்தேன்.

"ஒங்களுக்கு வேணாமாக்கா?"

"எனக்கு எதுக்கு? நான் அடுத்த நூற்றாண்டுக்குப் போயிட்டேன்."

பரீட்சை ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதுளையில். முந்தைய நாள் சனிக்கிழமை சரஸ்வதி பூசை. தோட்டத்துக் கோயிலிலும் பூசை என்பதால் அன்று வேலை இல்லை. கடையிலும் லீவு சொல்லியிருந்தேன். உளவியல் பகுதியை அந்த ஒரு நாளில் திருப்பிப் பார்த்து முடிப்பதாகத் திட்டம்.

காலையிலேயே அம்மா சாமித் தட்டை அடுக்கிவிட்டாள். அப்பாவின் கவ்வாத்துக் கத்தி, அம்மாவின் கொழுந்துக் கூடை, தையல் மெஷின், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். புத்தகத்தைப் பூசையில் வைத்தால் மறுநாள் காலை வரை படிக்கக் கூடாது. சின்ன வயதிலிருந்து இதற்கு என்னிடம் ஒரு வழி இருந்தது: கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் பக்தியோடு சாமிக்குக் கொடுத்துவிட்டு, கதைப் புத்தகத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொள்வேன்.

"ஒன் புத்தகம் எங்க?" என்றாள் அம்மா.

"புத்தகமே இல்லையேம்மா. எல்லாத்தையும் மேல் லயத்துக்குக் குடுத்துட்டேனே."

"கையில என்னாது?"

"இது புத்தகமில்லம்மா."

"ரெண்டு மாசமா முந்நூறு புத்தகம் இருக்கு, முந்நூறு புத்தகம் இருக்குன்னு நீதானே லயம் முழுக்கத் தண்டோரா போட்ட?"

"அது... உள்ள இருக்கு. இது வெறும் மெஷினும்மா."

"மெஷின்னாலும் வைக்கணும். தையல் மெஷினுக்குப் பொட்டு வைக்கலையா?"

புத்தகம் என்றால் சரஸ்வதி விடமாட்டாள். மெஷின் என்றால் ஆயுத பூசை விடாது. இரண்டு பக்கமும் வாசலை அடைத்துவிட்டு அம்மா கையை நீட்டினாள். நாளைக்குப் பரீட்சை என்று கெஞ்சினேன். "அதுக்குத்தான் வைக்கச் சொல்றேன்" என்றாள்.

சந்தனத்தைக் குழைத்து, திரைக்கு நட்டநடுவில் ஒரு பொட்டு. தொட்டதும் பக்கம் புரண்டது. அம்மா திடுக்கிட்டுக் குங்குமத்தையும் வைத்தாள். இன்னொரு பக்கம் புரண்டது.

"பாத்தியா," என்றார் அப்பா, "ஒனக்கு முன்னால சாமி படிச்சு முடிச்சிரும் போல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு மேல் லயத்துக்கு ஓடினேன். என் பழைய புத்தகத்தையாவது ஒரு மணி நேரம் வாங்கிப் பார்த்துவிடலாம் என்று நப்பாசை.

தங்கச்சி வாசற்படியில் உட்கார்ந்து சுண்டலுக்குத் தேங்காய் கீறிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"இங்கயும் புத்தகமெல்லாம் பூசைக்குப் போயிருச்சுக்கா. ஒங்க உளவியல் புத்தகந்தான் மேலேயே இருக்கு. பெரிய பொட்டு."

அவளுக்குப் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தேன்.

"சரி விடுங்க. பிள்ளைங்க வளர்ச்சியில எத்தன கட்டம், என்னென்ன? சொல்லுங்க பாப்போம்" என்றாள்.

"தெரியும். அது எழுபத்துமூணு சதவீதத்துல இருக்கு."

"என்னாது?"

"எழுபத்துமூணுல ஆரம்பிக்கும். மேல ஒரு பெரிய தலைப்பு வரும்..."

"தலைப்புக்குக் கீழ?"

கட்டைவிரலைக் காற்றில் புரட்டிப் பார்த்தேன். தலைப்போடு நின்றுவிட்டது. அந்தப் பகுதியை அதே விரலால் நான் எத்தனையோ தடவை கடந்திருக்கிறேன், பஸ் வளைவுகளைக் கடந்ததுபோல.

தங்கச்சி தேங்காய்க் கீற்றைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். "பரீட்சைத் தாள்ல எழுபத்துமூணுன்னு எழுதிட்டு வரப் போறீங்களா?"

பிறகு அவளே சொன்னாள், ஒவ்வொன்றாக, விரல் மடக்கி. கூடவே எங்கள் லயத்துப் பிள்ளைகளை ஒவ்வொரு கட்டத்திலும் நிறுத்தினாள்: இவன் எதையும் வாயில் வைக்கிற வயசு, அவள் பொம்மைக்குச் சோறு ஊட்டுகிற வயசு. இதெல்லாம் எப்படித் தெரியும் என்றேன். "நீங்கதான் புத்தகத்து ஓரத்துல பென்சில்ல எழுதி வச்சிருக்கீங்களே" என்றாள். போன தடவை நான் எழுதியது. எனக்கே மறந்துபோயிருந்தது.

உள்ளேயிருந்து அவள் அம்மா சத்தம் போட்டார். "ஏய், பூசை அன்னைக்கு என்னாடி படிப்பு அங்க?"

"படிக்கலம்மா. அக்காவோட கத பேசுறேன்!"

பேசுவதற்குத் தடை இல்லையே. தேங்காய் கீறி முடிந்தது, கடலை வெந்தது, கோயிலுக்குப் போகிற பாதையில் ஏறினோம், பூசை முடிந்து சுண்டல் பொட்டலத்தோடு இறங்கினோம். வாய் மூடவில்லை. அவள் கேட்க நான் முழிப்பேன். நான் கேட்க அவள் சொல்வாள். பொது அறிவில் மட்டும் நான் அவளை மடக்கினேன், கொமினிகேசன் கடையில் பத்திரிகை வரும் என்பதால். சாயங்காலம் ஆகும்போது கட்டங்கள் எல்லாம் என் வாயிலும் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு லயத்துப் பிள்ளையின் முகம்.

மறுநாள் விடிந்ததும் அம்மா சாமித் தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். சந்தனம் காய்ந்து திரையில் அப்பியிருந்தது. ஈரத்துணியால் துடைக்கத் துடைக்கப் பக்கங்கள் புரண்டன; எங்கே இருந்தேன் என்பதே தெரியாமல் சமையல் குறிப்பில் போய் நின்றது. பையில் போட்டுவிட்டேன். பதுளை போகும்வரை பஸ்ஸில் தங்கச்சியும் நானும் கேள்வி கேட்டுக்கொண்டே போனோம். மண்டபத்தில் தாளைத் திருப்பினால் மூன்றாவது கேள்வி பிள்ளை வளர்ச்சி. பொம்மைக்குச் சோறு ஊட்டுகிறவளில் தொடங்கி எழுதினேன்.

பெறுபேறு வந்த நாள் நான் கடையில் இருந்தேன். இணையத்தில் புள்ளி வரிசைப் பட்டியலை இறக்கிப் பார்த்தேன். என் சுட்டெண் இருந்தது. கொஞ்சம் மேலே, எனக்கு முன்னால், தங்கச்சியின் சுட்டெண். இரண்டு பேரையும் நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். உடனே அவள் போனுக்கு அடித்தேன். அவள் அம்மா எடுத்தார்.

"அவ கொழுந்து பறிக்க மலைக்குப் போயிட்டாளே. ஒடம்பு சொகமில்லன்னு இன்னைக்கு நான்தான் வீட்டுல நிக்கிறேன். என்னா புள்ள, ஏன் மூச்சு வாங்குது?"

சொன்னேன். அந்தப் பக்கம் செருப்புச் சத்தம், கதவுச் சத்தம், போனைக் கையில் பிடித்தபடியே லயத்துக் கோடியில் நின்று அவர் மலையைப் பார்த்துக் கத்துகிற சத்தம். போனைக் காதிலிருந்து எடுக்கவேயில்லை நான். கீழ்த் தேயிலை நிரையில் கொழுந்து பறித்த யாரோ அந்தச் செய்தியை வாங்கி மேல் நிரைக்குக் கத்தினார்கள். மேல் நிரை அதற்கும் மேலே கத்தியது. சொற்கள் தேய்ந்து தேய்ந்து வெறும் குரலாகிப் போயின. கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம் மட்டும்.

அப்புறம் மலையின் உச்சியிலிருந்து, அத்தனை பெண்களும் சேர்ந்து போட்ட குலவை, என் காதுக்குள் இறங்கியது.