மாமனார் மருந்து குடித்தார்

எங்கள் பக்கத்தில் ஒருவர் "மருந்து குடிச்சுட்டார்" என்றால், என்ன நோய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். எவ்வளவு குடித்தார், உயிர் இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். பருத்திக்கு அடிக்கிற விஷத்துக்கும் காய்ச்சலுக்குப் போடுகிற மாத்திரைக்கும் நாங்கள் ஒரே பெயர்தான் வைத்திருந்தோம். மாத்திரை என்றால் சாப்பிடுவது, விஷம் என்றால் குடிப்பது, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த ஒரு வினைச்சொல்லை மாற்றிப் போட்டு, என் மாமனாரைச் சேலத்து ஆஸ்பத்திரியில் பட்டப்பகலில் நான் சாகடித்தேன். அவருடைய கால் தப்பியது அதனால்தான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் போகிற ரோட்டில், நிலக்கடலை விளைந்துகொண்டிருந்த காட்டில் மாமனார் நீளக் கொட்டகை போட்டு, கம்பிக் கூண்டுகளில் வெள்ளைக் கோழிகளை அடைத்திருந்தார். ஒரு மழைக்காலத்தில் கோழிகள் தலையைத் தொங்கப்போட்டுச் சாக ஆரம்பித்தன. தீவனம் விற்க வருகிற ஏஜெண்டு ஒரு பொடியைக் கொண்டுவந்தார். நல்ல மஞ்சள் நிறம், வேப்பங்கொழுந்துக் கசப்பு. தண்ணீரில் கலந்து விட்டதும் கோழிகள் எழுந்து நின்றன. மாமனார் அன்றைக்கே அந்தப் பொடிக்கு அடிமையானார்.

"நோவு வந்தாத்தான் குடுக்கோணும்னு இல்லீங்க," என்றார் ஏஜெண்டு. "தெனமும் ஒரு சிட்டிகை கலந்து உட்டீங்கன்னா நோவே வராதுங்க. கோழியும் நல்லா தேறுமுங்க."

தினமும் ஒரு சிட்டிகை, நோவே வராது. இதைக் கோழிக்கு மட்டும் சொன்னதாக மாமனார் எடுத்துக்கொள்ளவில்லை. காலையில் கோழிகளுக்குத் தண்ணீர் கலக்கும்போது தனக்கும் ஒரு டம்ளர் மொண்டு குடித்துவிட்டுத்தான் காப்பிக்கு வருவார். தொண்டை கரகரத்தால் சாயங்காலமும் ஒரு டம்ளர். எருமை சோர்ந்து நின்றால் அதற்கும் ஒரு வாளி. என் நாத்தனாரைப் பெண் பார்க்க வந்த ஒறம்பரைச் சனத்துக்கு மோரில் கலந்து கொடுத்தார் பாருங்கள், அந்தக் கூத்தை என்ன சொல்ல! மாப்பிள்ளையின் அப்பா ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார், சம்பந்தம் அன்றோடு முறிந்தது. "சத்து ஒத்துக்காத வமுசம், போனாப் போகுது" என்று மாமனார் துண்டை உதறிக்கொண்டார்.

எனக்கு அப்போது கைக்குழந்தை. விடிந்தால் அந்த டம்ளர் என் பிள்ளையைத் தேடி வரும்.

"அம்மிணி, புள்ளைக்கு ஒரு மொடக்குக் குடு. சளி கிளி அண்டாது."

"நான் பெத்தது புள்ளைங்க மாமா, முட்டைக்கோழி இல்லீங்க," என்று குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு புழக்கடைப் பக்கம் ஓடுவேன். வாயாடி மருமகள் என்று எனக்குப் பெயர் வந்தது அந்த ஓட்டத்தில்தான். வந்தால் வரட்டும் என்று இருந்தேன்.

இப்படி வருடங்கள் போயின. ஒரு நாள் கொட்டகையில் கோழிப் பீயை வாரும்போது, அறுந்து கிடந்த கூண்டுக் கம்பி மாமனாரின் பாதத்தில் ஏறியது. அவர் அலட்டிக்கொள்ளவில்லை. புண்ணில் அந்தக் கோழிப் பொடியை அப்பினார், வாயில் வழக்கமான டம்ளரைக் கவிழ்த்தார். கால் வீங்கியது. இன்னும் கொஞ்சம் அப்பினார். கால் பூசணிக்காயாகி, இரண்டு விரல்கள் கறுத்து, வீடே நாறியது. நாமக்கல் டாக்டர் ஊசி போட்டுப் பார்த்துவிட்டு, "மருந்துக்குக் கேக்க மாட்டேங்குது, சேலத்துக்குக் கொண்டு போயிருங்க" என்றார்.

சேலத்தில் இருந்த டாக்டர் தெற்கத்திக்காரர், சின்ன வயசு, சிடுசிடுப்பு. வந்ததும் கேட்டார், "பெரியவர் இதுக்கு முன்னாடி வேற ஏதாவது மருந்து சாப்பிட்டாரா?"

"மருந்தா?" என்று மாமனார் நெஞ்சை நிமிர்த்தினார். "இந்த வயசு வரைக்கும் ஒரு மாத்திரை முழுங்குனதில்லீங்க."

என் வீட்டுக்காரரும் தலையை ஆட்டினார். அத்தையும், அதான் என் மாமியாரும், ஆட்டினார். நான் வாயைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் கையைக் கிள்ளி வராந்தாவுக்கு இழுத்துப் போனார். "கோழிக்குக் கலக்குறதக் குடிக்கறாருன்னு வெளிய தெரிஞ்சா ஊருக்குள்ள தலை காட்ட முடியுமா புள்ள? 'கொக்கரக்கோ'ன்னு பட்டப்பேரு வெச்சிருவானுங்க. அதுவுமில்லாம, அது பொடிதான? மருந்தா?"

டாக்டர் மாத்திரை கொடுத்தார். அந்த மாத்திரையின் உறை உடைந்து உள்ளே இருந்ததைப் பார்த்தேன். அதே மஞ்சள், நாக்கில் வைத்தேன், அதே கசப்பு. இதைத்தானே இந்த மனுசன் டம்ளர் டம்ளராகக் குடிக்கிறார், அப்புறம் எப்படிக் கேட்கும்? மறுபடி வீட்டுக்காரரிடம் சொன்னேன். "டாக்டருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" என்றார்.

கடைசியில் ஒரு மத்தியானம் டாக்டர் கட்டைப் பிரித்து, மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "நாளைக்குக் காலையில காலை எடுத்துடலாம். முழங்காலுக்குக் கீழ."

மாமனாருக்கு விளங்கவில்லை. "காலையில எங்கீங்க எடுத்துட்டுப் போறீங்க?" என்றார். விளங்கியபோது அவர் முகம் போன போக்கை நான் மறக்கமாட்டேன். காடு, கொட்டகை, கோழி என்று நடந்தே வாழ்ந்தவர். குழந்தை மாதிரி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. மானமாவது மண்ணாங்கட்டியாவது என்று வார்டு நடுவில் நின்று கத்தினேன்:

"ஐயோ டாக்டர், எங்க மாமா மருந்து குடிச்சிருக்காருங்க!"

வார்டே வெடித்தது. நர்சுகள் ஓடினார்கள். ஆயா வாளியோடு ஓடினாள். வெளியே இருந்த அத்தை "என்னைய உட்டுட்டுப் போயிட்டீங்களே சாமி" என்று மாரில் அடித்துக்கொண்டார். நான்கு பேர் மாமனாரை அமுக்கிப் பிடிக்க, ஒருவர் வயிற்றைக் கழுவ ரப்பர் குழாயைக் கொண்டுவந்தார்.

"கால் நோவுக்கு எதுக்குங்க வாயில கொழாய உடறீங்க?" என்று மாமனார் அலறினார். குழாய் போன பிறகு அதுவும் கேட்கவில்லை.

"எப்ப குடிச்சார்? எந்த மருந்து? பருத்திக்கு அடிக்கிறதா?" என்று டாக்டர் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"கோழிக்குக் குடுக்கறதுங்க."

"எவ்வளவு?"

"தெனமும் ஒரு டம்ளருங்க. வருசக்கணக்கா."

டாக்டர் என் தோளை விட்டார். பிறகு குழாயை உருவச் சொன்னார்.

அதற்குள் காரியம் கை மீறிவிட்டது. வார்டில் யாரையோ பார்க்க வந்திருந்த எங்கள் ஊர் லாரி டிரைவர் சேதியோடு பறந்திருந்தார். பொழுது சாயும்போது ஒறம்பரை வேனில் வந்து இறங்கியது. அத்தையின் அண்ணன், தங்கை தாலி அறுக்கப்போகிறாளே என்று பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு வந்திருந்தார். செத்தவர் கட்டிலில் உட்கார்ந்து பால் குடித்துக்கொண்டிருப்பதைக் கண்டு, சேலையை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றார். மாமனார் அதைப் பார்த்துவிட்டார்.

"ஜரிகை நல்லாத்தானுங்க இருக்குது, மச்சான். பொங்கலுக்குக் கட்டிக்கட்டும்."

காலை எடுப்பதை டாக்டர் தள்ளிவைத்தார். புதிதாக வந்திருந்த ஓர் ஊசியை ஆரம்பித்தார். சீழில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். அது திரும்பி வந்தபோது எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். மூடிபோட்ட கண்ணாடித் தட்டு, அதில் பாலாடை போலக் கிருமி படர்ந்திருந்தது. நடுநடுவே பொட்டு மாதிரி மருந்து வைத்திருந்தார்கள். புது ஊசியின் பொட்டைச் சுற்றிக் கிருமி அண்டாமல் வட்டமாக வெறிச்சென்று இருந்தது. எங்கள் மஞ்சள் மருந்தின் பொட்டை ஒட்டி உரசிக்கொண்டு கிருமி செழிப்பாக வளர்ந்திருந்தது.

மாமனார் எட்டிப் பார்த்தார். "நாங்க கோழி வளத்தறோம், நீங்க கிருமி வளத்தறீங்களாக்கும்?"

"நான் வளர்க்கலை பெரியவரே, வளர்த்தது நீங்க," என்றார் டாக்டர். "பண்ணையில நோஞ்சான் கோழியைக் கழிச்சிட்டு நல்லதை நிறுத்துவீங்க இல்ல? உங்க பொடி தினம் அதைத்தான் செஞ்சிருக்கு. ஒரு சிட்டிகைக்கு நோஞ்சான் கிருமியெல்லாம் செத்துப்போச்சு. சாகாத முரட்டுக் கிருமி மட்டும் மிஞ்சிக் குட்டி போட்டுச்சு, குட்டிக்கும் அதே முரடு. அது பத்தாதுன்னு, சாகாம இருக்கிற வித்தையைப் பக்கத்துக் கிருமிக்கும் கத்துக்குடுத்திருக்கு. கோழி வயித்துல, பீயில, உங்க உடம்புல, எல்லா இடத்திலயும் அதே படைதான். கம்பி குத்தினதும் உள்ள வந்துடுச்சு."

அவமானத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை. மாமனாரோ தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் தெரிந்தது, சத்தியமாகச் சொல்கிறேன், பெருமை.

"நம்ம பண்ணையில வளந்ததுன்னா சும்மாவா," என்றார்.

கறுத்த இரண்டு விரல்களும் போயின. கால் தங்கியது. கைத்தடி ஊன்றி அவர் வாசலில் இறங்கிய அன்று, குலசாமிக்கு நான் பொங்கல் வைத்தேன். அந்தக் கோழிப் பொடி மூட்டையை எருக்குழியில் போட்டுப் புதைத்தவரும் மாமனாரேதான். அதைப் பார்த்ததும், இந்த வீட்டுக்குப் புத்தி வந்துவிட்டது என்று நம்பிய என்னை எதால் அடிப்பது!

கொஞ்ச நாளில் தீவன ஏஜெண்டு வந்தார். மாமனார் அவரை உட்காரவைத்து, காப்பி வரவழைத்து, மூன்று விரல் பாதத்தை எதிரே நீட்டினார்.

"ஏனுங்க, அந்தப் பழைய பொடி கிருமிக்குப் பழகிப்போச்சாமா. சேலத்துல எனக்கொரு ஊசி போட்டாங்க. கேட்டுதுங்க பாருங்க, அப்படிக் கேட்டுதுங்க. அது கோழிக்குக் கலக்கற மாதிரி வருதுங்களா?"

"வந்துருச்சுங்களே!" என்று ஏஜெண்டு பையைத் திறந்தார்.

மறுநாள் விடிந்ததும் அதே டம்ளர் வந்தது. இந்த முறை வெள்ளை நிறம். "எனக்கே கேட்டது, பேரனுக்குக் கேக்காதா? ஒரே ஒரு மொடக்கு, அம்மிணி."

எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ தெரியாது. மாமனார் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்கி வாசலில் வீசிக் கொட்டினேன். "நாளைக்கு எம் புள்ளைக்கு ஒண்ணுன்னா போட ஒரு ஊசியாவது மிச்சம் வைங்க மாமா!" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

மாமனார் கோபித்துக்கொள்ளவே இல்லை. கைத்தடியை நீட்டி வாசலைக் காட்டினார். கொட்டிய தண்ணீர் குழியில் தேங்கி நின்றது. மேய்ந்துகொண்டிருந்த நாட்டுக்கோழி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு வந்து, அதில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தது.

"பாரு அம்மிணி," என்றார், "அதுக்குத் தெரியுது."