சராசரியில் கரைந்த பதினான்கு பேர்

பரிசோதனைக்கூடத்தில் அவரைக் கத்திக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அறுவைச் சிகிச்சையில் எடுத்த கட்டியை மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றிச் சாயம் போடுவது அவர் வேலை. பத்தொன்பது வருடமாக அதே கத்தி, அதே முதுகுவலி.

அந்த வருடம் ஓர் ஆய்வுக்காக, சினைப்பைப் புற்றுநோய் வந்த எண்பத்தாறு பெண்களின் கட்டிகள் வந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் நோய் எதிர்ப்பு அணுக்கள் எத்தனை புகுந்திருக்கின்றன என்று அவர்தான் எண்ணினார். ஒரு வகைக் கட்டியில் பழுப்புச் சாயம் ஏறிய அந்த அணுக்கள் உள்ளே மொய்த்துக் கிடந்தன. இன்னொரு வகையிலோ ஓரத்தோடு நின்றுவிட்டன. உள்ளே ஈ காக்கை இல்லை. அவருடைய நாத்தனாருக்கு வந்திருந்தது அந்த இரண்டாவது வகை. "உங்க உடம்பே சண்டை போடும், கவலைப்படாதீங்க" என்று யாரோ ஒரு டாக்டர் சொன்னதைக் கடைசி வாரம்வரை நம்பிக்கொண்டிருந்தாள், பாவி.

தலைமை டாக்டர் எழுதிய கட்டுரையைப் பார்த்ததும் கத்திக்காரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே அவர் அறைக்குப் போனார்.

"எல்லா வகையையும் ஒண்ணாக் கலந்து சராசரி போட்டிருக்கீங்களே, டாக்டர்?"

"அணு உள்ளே போகாத வகையில மொத்தமே பதினாலு பேர்தாம்மா. தனியாப் பிரிச்சா கட்டுரை எடுபடாது."

"அந்தப் பதினாலு பேரும் மனுஷங்க இல்லையா?"

"நீங்க சீவிக் குடுங்க. யோசிக்கிறதை நாங்க பாத்துக்கறோம்."

அவருக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஐந்து நாள் சாப்பாட்டு வேளையில் உட்கார்ந்து, எண்ணிக்கையை வகைவாரியாக எழுதினார். மாதாந்திரக் கூட்டத்துக்கு, அழைக்காமலே போய், வெளியிலிருந்து வந்திருந்த பேராசிரியை முன்னால் அந்தத் தாளை வைத்தார்.

"எண்ணினது நான்தாம்மா. இதையும் பாருங்க."

பேராசிரியை படித்துவிட்டு நிமிர்ந்தார். "இது ஏன் கட்டுரையில இல்ல, டாக்டர்?"

டாக்டர் கட்டுரையைத் திருத்தி எழுதுவதாகச் சொன்னார்.

எட்டு மாதம் கழித்து மருத்துவ இதழில் கட்டுரை வந்தது, வகைவாரியாக. நன்றிப் பட்டியலில் குளிர்பெட்டி பழுதுபார்த்த நிறுவனம்கூட இருந்தது, கத்திக்காரம்மா இல்லை. மறுபடியும் அந்த அறைக் கதவைத் தட்டினார்.

"மறந்துட்டேம்மா" என்றார் டாக்டர்.

"எண்பத்தாறு கட்டியில ஒண்ணைக்கூட நான் மறக்கலையே, டாக்டர்."

அவர் பெயரைச் சேர்க்கச் சொல்லி இதழுக்குத் திருத்தக் கடிதம் போகும்வரை அங்கேயே நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.