சிவப்புத் தொப்பிக்கு மேலே ஒரு கால்

புதுச்சேரி கடற்கரைச் சாலை, காலை ஆறு பத்து. வெள்ளைக் கால்சட்டை அணிந்த ஏழு பேர் வட்டமாக நிற்கிறார்கள்; வேடிக்கை பார்க்க வந்த நான் ஓரமாக நிற்கிறேன். உப்பளத்துச் செல்வி, சுரைக்குடுக்கை கட்டிய ஒற்றைக் கம்பி வில்லைத் தட்டிப் பயிற்சி நடத்துகிறார். இது கப்போயிரா. பிரேசிலுக்கு அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட ஆப்பிரிக்கர்கள், எஜமானர் கண்ணுக்கு நடனமாகக் காட்டியே வளர்த்த சண்டைக்கலை.

சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் வருகிறார். "என்னம்மா, சண்டையா? சண்டைன்னா பர்மிஷன் வேணும். கலைஞ்சு போங்க."

"டான்ஸ் சார்," என்கிறார் செல்வி, கண் இமைக்காமல்.

அவர் நம்பவில்லை. வில்லின் அடியில் குந்தி, சுரைக்குடுக்கையைத் தட்டிப் பார்க்கிறார். அந்த இடத்தில் குந்துபவர் ஆட்டத்துக்குத் தயார் என்பது இவர்கள் வழக்கம். எதிரே, வட்டத்திலிருந்த ஒரு கல்லூரி மாணவியும் குந்திக் கை நீட்டுகிறாள். மரியாதைக்காக அவரும் குலுக்குகிறார். மறுகணம் அவள் கால் அவர் தொப்பிக்கு மேலே, என் கணக்கில் நான்கு விரற்கடை உயரத்தில், சுழன்று போகிறது. அவர் பதறி இரு கைகளையும் தரையில் ஊன்றுகிறார். நடைப்பயிற்சிக்காரர்கள் கைதட்டுகிறார்கள். மூன்று பேர் செல்போனில் படம் பிடிக்கிறார்கள்.

"போச்சு சார்," என்கிறார் செல்வி என்னிடம். "இனிமே இங்க வுட மாட்டாங்க."

போலீஸ்காரர் எழுந்து கையில் ஒட்டிய மணலைத் தட்டுகிறார். மூன்று செல்போன்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்.

"டான்ஸ்தான்," என்கிறார் உரக்க. "எல்லாரும் பாத்தீங்கல்ல? டியூட்டில நான் எங்க சண்ட போட்டேன்? டான்ஸ்தான்!"