மூன்றாம் ஓலை முடியட்டும்

எனக்குச் சந்தேக புத்தி அதிகம். ரேஷன் கடைத் தராசிலிருந்து ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் வரை எதையும் அப்படியே நம்பியதில்லை. அதனால், என் மார்பிலிருந்த புற்றுநோய்க் கட்டியை எடுத்துவிட்டு, "மரபணு டெஸ்ட் ஒண்ணும் எடுத்துடலாங்க" என்று சேலத்து டாக்டர் சொன்னபோது, அடுத்த பில்லுக்கு அடி போடுகிறார் என்றுதான் நினைத்தேன். ரத்தத்தைப் பெங்களூருக்கு அனுப்பினார்கள். சேலத்தில் இல்லாத லேபா? நான் பார்க்காத பெங்களூரை என் ரத்தம் பார்த்துவிட்டு வந்தது.

முடிவு வந்தது. அம்மாவைக் கொண்டுபோன நோய் வருவதற்கான கோளாறு, அம்மா வழியாகவே எனக்கும் வந்திருக்கிறதாம். "உங்க தங்கச்சிக்கும் இருக்கலாங்க, இல்லாமலும் போகலாம். அவங்களையும் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

தங்கை, காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரைக் கட்டிக்கொண்டு மலைமேல் வாழவந்தியில் இருக்கிறாள். நேரில் போய் விஷயத்தைச் சொன்னதும் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

"புள்ளைக்கு இப்பத்தான் எடம் அமைஞ்சிருக்குது. ரத்தத்துலயே கோளாறுன்னு காதுல உழுந்தா சம்பந்தி ஊட்டுக்காரங்க திரும்பிக்கூடப் பாக்கமாட்டாங்க. மூச்சு உடாதக்கா."

"டெஸ்ட் உனக்குத்தானே? புள்ளைக்கு இல்லையே."

"ஊரு அப்படியா பிரிச்சுப் பாக்கும்?"

ஊர் எனக்குத் தெரியாதா? ஆபரேஷனுக்குப் பிறகு பக்கத்து வீட்டுக்காரி என் வீட்டில் காபி குடிப்பதையே நிறுத்திவிட்டாள். அந்த டெஸ்ட்டில் அப்பன் யார் என்பதும் தெரிந்துவிடுமாமே என்று என்னிடமே வேறு கேட்டாள்.

எங்கள் மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் சாமியாரிடம் வந்து சொல்லுங்கள் என்று அறிவிப்பார்கள். என் தங்கை மகளின் முதல் ஓலை வாசித்தபோது, முன் வரிசையிலிருந்த தங்கை சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்கு எரிந்தது. கூடப் பிறந்தவளே என்னைக் காவல் காக்கிறாளே!

இரண்டாம் ஓலையன்று பூசை முடிந்ததும் நானே போய் அவளைக் கட்டிப்பிடித்தேன். தீப்பட்டதுபோல் விலகினாள். சால்வையை இறுக்கிப் போர்த்திக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று போய்விட்டாள். ஒட்டிக்கொள்ளும் என்று பயப்படுகிறாள், இவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரியே பரவாயில்லை என்று வாரம் முழுக்கக் குமைந்தேன். கல்யாணத்துக்கே போகக்கூடாது என்றுகூட முடிவு செய்தேன்.

மூன்றாம் ஓலையும் வாசித்தாயிற்று. யாரும் வாய் திறக்கவில்லை. பூசைக்குப் பின் தங்கை என்னைக் கோயிலுக்குப் பின்புறம் கூட்டிப்போனாள். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். அவள் என் கையைப் பிடித்துச் சால்வைக்குள் வைத்தாள்.

என் விரல்களுக்குத் தெரியாத கட்டியா அது?

"எத்தனை நாளா புள்ள?"

"உன்ற ரிசல்ட்டு வாரதுக்கு முன்னாடியே இருக்குது. நீ கட்டிப்புடிச்சப்ப உசுரே போயிருச்சு."

"கிறுக்கச்சி, சொல்றதுக்கு என்ன கேடு?"

"சொன்னா ஆசுபத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருப்ப. ஊருக்கே தெரிஞ்சிருக்கும். ஓலை முடியட்டும்னு இருந்தேன்."

உலகத்தில் எல்லாரையும் சந்தேகப்பட்ட நான், சந்தேகப்பட வேண்டிய ஒன்றை விட்டுவிட்டேன். அவளை அறையலாம்போல் இருந்தது. அழுகைதான் வந்தது.

"நாளைக்கே சேலம் போறோம்" என்றேன். தலையாட்டினாள்.

அதற்குள் கல்யாணப்பெண் எங்களைத் தேடிக்கொண்டு சிரித்தபடி வந்துகொண்டிருந்தாள். தங்கை முகத்தைத் துடைத்துக்கொண்டு என் காதருகே கேட்டாள்.

"அக்கா, புள்ளைக்கும் டெஸ்ட்டு பாக்கோணுமா?"

"பாக்கோணும்" என்றேன்.