மோர்க்காரியும் என் பூசணிக் கொடியும்

1912 வாக்கில் நடந்தது. பாளையங்கோட்டைக்குக் கிழக்கே, தாமிரபரணிக் கரையோரம் ஒரு சிற்றூரில் என் கணவர் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். வீட்டுக்குப் பின்னால் இருந்த வண்டல் நிலத்தில் நான் பூசணி போட்டிருந்தேன்.

கிறிஸ்தவர்களான எங்களை ஊரில் வேதக்காரர் என்பார்கள். எங்கள் கோயிலில் வருடம் ஒரு தடவை அசனம் நடக்கும். ஊரே வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து அது. "சாம்பாருக்கு வேண்டிய பூசணிக்காய் மொத்தமும் நான் தருகிறேன்" என்று சபைக்கு முன்னால் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒரு பிஞ்சுகூட அப்போது விட்டிருக்கவில்லை.

பிஞ்சு பிடிக்கிற நேரத்தில் வேலியோரத்து இலைகளில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். உள்ளே தள்ளியும் அங்கங்கே தெரிந்தன. எனக்கு உடனே மோர்க்காரி மேல்தான் சந்தேகம். என் வயதுதான் அவளுக்கு. தினமும் மோர் விற்று முடித்ததும் எங்கள் வேலிப்பக்கம் நின்று, கலயத்தில் மிஞ்சிய புளித்த மோரைத் தண்ணீர் விட்டு அலசி, கொடி மேலேயே ஊற்றிவிட்டுப் போவாள். மறுநாள் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏளா, கலயம் கழுவுன தண்ணிய ஊத்த எங் கொடிதான் ஒனக்கு வாறுகாலா, சாக்கடையா? பாரு, எலையெல்லாம் வெளுத்துக் கெடக்கு."

தெருவே வேடிக்கை பார்த்தது. கலயத்தைத் தூக்கிக்கொண்டு போனவள், அப்புறம் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை.

ஈரத் துணியால் வேலியோரத்து இலைகளைத் துடைத்தேன். காய்ந்த மோர் போய்ப் பச்சை தெரிந்தது. ஜெயித்துவிட்ட நினைப்பு எனக்கு. ஆனால் ஒரே வாரத்தில் தோட்டத்தின் நடுப்பகுதி முழுக்க வெளுத்துவிட்டது. துடைத்தால் போகும், மறுபடி வரும். அவ்வளவு தூரத்துக்கு எந்தக் கலயத்துத் தண்ணீரும் எட்டாது. யாரோ சொன்னார்கள் என்று என் கணவர் மயில்துத்தம் வாங்கிக் கரைத்து ஒரு கொடிக்குத் தெளித்தார். மனிதர் அளவு பார்க்கவில்லை. அந்தக் கொடி கருகியே போனது.

அதன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். சபையில் எந்த முகத்தோடு போய் நிற்பது? கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், வேலியோரம் மட்டும் பூவும் பிஞ்சுமாகப் பச்சைப்பசேல் என்று இருக்கிறது. மோர் விழுந்த இடம் மட்டும். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

அன்று மாலையே இரண்டு தெரு தள்ளி அவள் வீட்டுக்குப் போனேன். தொழுவில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். "கோவத்துல பேசிட்டேன், மனசுல வச்சுக்காத" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நான் கலயத்தத்தான் கழுவுனேன் வாத்தியாரம்மா. வைத்தியத்த நான் என்னத்தக் கண்டேன்? சரி, ஊத்தித்தான் பாப்போமே."

மறுநாள் காலையில் இரண்டு கலயம் புளித்த மோரோடு வந்து நின்றாள். தோட்டத்தைப் பார்த்ததும் மறுபடி சிரிப்பு. "வேதக்கார வீட்டுல பொறந்துட்டு, இந்தக் கொடி திருநீறு பூசிட்டுல்லா நிக்கி." எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. ரொம்ப வெளுத்த இலைகளைக் கிள்ளிப் போட்டோம். மோரில் தண்ணீரை விளாவி, வேப்பங்குழையால் தொட்டு, இலைக்கு மேலும் கீழும் தெளித்தோம். நாலு நாளைக்கு ஒரு தடவை இப்படி. புதிதாக விட்ட இலைகள் சுத்தமாக வந்தன. பிஞ்சுகள் திரண்டபோது இரண்டு பேரும் அவற்றைத் தட்டித் தட்டிப் பார்த்து மகிழ்ந்துபோனோம்.

அசனத்துக்கு ஒரு வண்டி நிறையப் பூசணிக்காய் போனது. அவளையும் அழைத்திருந்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். "நம்ம பூசணிக்கா நல்லாத்தான் வெந்திருக்கு" என்றாள். அந்த "நம்ம"வில் எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

சபையார் வந்து வந்து என்னைப் பாராட்டினார்கள். நானும் தலையை ஆட்டி வாங்கிக்கொண்டேன், அவளைக் கை காட்டவில்லை. நான் திட்டியதை ஒரு தெருவே கேட்டது. மன்னிப்புக் கேட்டதை அவளையும் அவள் மாட்டையும் தவிர யாரும் கேட்கவில்லை. அந்த வண்டி நிறைந்தது அவள் கலயத்தின் புண்ணியம் என்று நாலு பேர் அறியச் சொன்னால்தான் என் மன்னிப்பு முழுதாகும் என்று தோன்றியதால், இத்தனை வருடம் கழித்து இதை எழுதுகிறேன்.