வார்டு சபைக்கு உடுத்திப் போன சேலை

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒன்றைச் சொல்ல வந்து வேறொன்றில் போய் நிற்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வருஷங்களும் மறந்துபோகின்றன. தொண்ணூறுகளின் கடைசி என்று நினைக்கிறேன். என் வீட்டுக்காரருக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன மறு வருஷம் என்பது மட்டும் உறுதி.

அவர் கொத்தனார். கட்டட வேலைக்காக வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் வந்து அப்போது பதினாறு வருஷம் ஆகியிருந்தது. வலியசாலைக்குப் பின்னால் கால்வாயை ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். எல்லா வீட்டுக்கும் சேர்த்துக் கக்கூஸ் கால்வாய்க்கு அந்தப் பக்கம். நாலு கதவு, இரண்டில்தான் கொண்டி உண்டு. பலகைப் பாலம் தாண்டிப் போகவேண்டும். அவருடைய நல்ல கையை என் தோளில் போட்டுக்கொண்டு தினமும் காலையில் கூட்டிப் போவேன். ஒரு மழை நாளில் பாலத்தில் வழுக்கி இரண்டு பேரும் விழுந்தோம். எனக்கு முழங்கை பெயர்ந்தது. அவர் எழுந்திருக்காமல் பலகையிலேயே உட்கார்ந்து அழுதார். அன்று முதல் சோற்றைக் குறைத்துவிட்டார். தின்றால் போகவேண்டி வருமே என்று. இரண்டு மாதத்தில் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு வந்துவிட்டது.

அந்தச் சமயம் ஏழை வீடுகளுக்குக் கக்கூஸ் கட்டக் குழிக்குள் இறக்கும் உறையும் கோப்பையும் சிமெண்டும் கார்ப்பரேஷன் கொடுத்தது. எங்கள் வார்டில் அந்த வருஷம் பத்து வீட்டுக்கு. எழுதிக் கொடுத்தோம். வீட்டுக் கஷ்டத்தைப் பார்த்து மார்க் போட்டு வரிசைப்படுத்துவார்களாம். பெயரை வார்டு சபையில் எல்லார் முன்னாலும் வாசிப்பார்கள், ஆட்சேபம் இருந்தால் யாரும் எழுந்து சொல்லலாம், ஒரு பெயர் போனால் அடுத்த பெயர் உள்ளே வரும் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் சபை. நாலு பேர் இருக்கும் இடத்தில் பேசியே பழக்கம் இல்லாதவள் நான். கந்தலாகத் தெரியக்கூடாது என்று, இருந்ததில் புதிதான சேலையை உடுத்திக்கொண்டு போய்ப் பின்பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டுச் சேச்சி எனக்கு முன் வரிசையில் இருந்தாள். அவளை நான் சேச்சி என்பேன், அவள் என்னை அக்கா என்பாள். யார் மூத்தவள் என்று கடைசிவரை தீரவில்லை. அவள் மகன் பத்து வருஷம் கல்ஃபில் இருந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருந்தான். மருமகளுக்கு எட்டு மாதம். அவளும் அதே பலகையில்தான் போய்வந்தாள்.

கவுன்சிலர் வாசித்தார். பத்தாவதாக என் வீட்டுக்காரர் பெயர். மூச்சு விட்டேன். பதினொன்று சேச்சியின் பெயர்.

சேச்சி எழுந்தாள். அவள் பேசியது மலையாளம். எனக்கு நினைவில் நிற்கிற கலப்பில்தான் எழுத முடிகிறது. பாண்டி என்று அங்கே சொல்வது தமிழ்நாட்டுக்காரர்களை.

"ஒரு காரியம் கேக்கட்டே, சாரே? இவங்க பாண்டிநாட்டுக்காரங்க. இவிடெயும் ரேஷன் கார்டு, அவிடெயும் கார்டு. ரெண்டு சர்க்காரும் இவங்களுக்கே கொடுத்தா நமக்கு எந்தா மிச்சம்?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் கவுன்சிலர்.

"அக்கா உடுத்திருக்கிற சேலையைப் பாருங்க. அது அவிடத்தெ சர்க்கார் பொங்கலுக்குச் சும்மா கொடுக்கிற சேலை. கார்டு இல்லாமக் கிட்டுமோ?"

எல்லாத் தலையும் திரும்பியது. முந்தானையை எங்கே ஒளிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பெஞ்சு முனையில் இருந்த டீக்கடைக்காரர் சிரித்தபடி கேட்டார்: "அது சர்க்கார் சேலைன்னு சேச்சிக்கு எப்படி இத்தனை நிச்சயம்?"

"போன கொல்லம் பொங்கலுக்கு எனக்கும் ஒண்ணு கொண்டுவந்து தந்தாளே!"

"அப்போ சேச்சியும் பாதிப் பாண்டி ஆயாச்சு. சாரே, ரெண்டு பேர் பேரையும் வெட்டுங்க!"

கூடம் சிரித்தது. சேச்சி சிரிக்கவில்லை. "என் மோன் பத்துக் கொல்லம் அரபிநாட்டுல வெயில் கொண்டான். தலைவலிக்கு ஒரு குளிகை அந்த நாட்டுக்காரன் சும்மா கொடுத்தானா? வேலைக்குப் போன இடத்துல வேலை செய்யணும், கூலி வாங்கணும், திரும்பிப் போகணும். எங்க மோனுக்கு அவிடெ இல்லாத நியாயம் இவங்களுக்கு மட்டும் இவிடெ எப்படி வந்தது?"

அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தக் கூடத்தில் பாதி வீட்டிலிருந்து யாராவது அங்கே போயிருப்பார்கள். "அது சரிதானே" என்று இரண்டு மூன்று குரல் வந்தது. பின்னாலிருந்து ஒரு கிழவர் மட்டும், "இந்த ஸ்கூலுக்குக் கக்கூஸ் கெட்டினதே இவங்க வீட்டு மேஸ்திரிதான்" என்று முணுமுணுத்தார். யாரும் கவனிக்கவில்லை.

கவுன்சிலர் என்னைப் பார்த்துத் தமிழிலேயே கேட்டார். "அம்மா, ஊர்ல உங்களுக்குக் கார்டு இருக்கா?"

இருந்தது. வரும்போது அண்ணனிடம் கொடுத்துவிட்டு வந்த கார்டு. அதில் அரிசியும் சீமெண்ணெயும் அவர்தான் வாங்கிக்கொண்டிருந்தார். பொங்கல் சேலையை மட்டும் அண்ணி எனக்கு எடுத்துவைப்பாள். இங்கே கார்டு எடுத்தபோது அதைப்பற்றி என்ன எழுதினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. எழுதிக் கொடுத்தவர் காட்டிய இடத்தில் என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். பதினாறு வருஷத்தில் அது தப்பு என்று எனக்குத் தோன்றியதே இல்லை. ஊரில் நம் பெயர் இருக்கிறது, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு வரை வந்தது. சேச்சி திரும்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கு" என்றேன்.

கூடம் இரைந்தது. கவுன்சிலர் கையமர்த்தினார். அந்தக் கார்டை ஒப்படைத்த சரண்டர் சர்டிபிகேட்டை வரும் சனிக்கிழமை மதியத்துக்குள் வார்டு ஆபீசில் கொடுத்தால் பத்தாம் பெயர் நிற்கும், இல்லாவிட்டால் பதினொன்றாம் பெயருக்குப் போகும் என்றார்.

வியாழக்கிழமை காலையில் ஊருக்குக் கிளம்பினேன். அவரை யாரிடம் விடுவது? வாசலில் நின்று யோசித்துக்கொண்டிருந்தபோது சேச்சியே வந்தாள். "அண்ணாச்சியை என் மோன் கொண்டுபோய்க்கொள்ளும். கஞ்சி நான் கொடுக்கலாம். அக்கா போய்ட்டு வா." சபையில் சொன்னதற்கு ஒரு வார்த்தை வருத்தம் இல்லை. நானும் கேட்கவில்லை. வேறு வழியும் இல்லை.

ஊரில் நான் கார்டைக் கேட்டதும் அண்ணன் முறத்தை எட்டி உதைத்தார். "ஏட்டி, ஒனக்கு அங்க கக்கூஸ் வேணும்னா, இங்க எம் பிள்ளைய கஞ்சியில கைவைப்பியோ?"

"எம் பேருல உள்ள கார்டுதானண்ணே."

"ஒம் பேருதான். பதினாறு வருசமா கியூவுல நின்னது யாரு? மலையாளத்தான் கேட்டா ஒடனே தூக்கிக் குடுத்திருவியோ? அவன் ஒன்னிய அவன் ஊருக்காரின்னு சொல்லிட்டானா?"

சொல்லவில்லைதான். "அவரு சாப்பிட மாட்டேங்காரு அண்ணே" என்றேன். கதவு நிலையில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். வைத்த சாப்பாட்டைத் தொடவில்லை. அண்ணன் வெளியே போனார், வந்தார், படுத்தார். கார்டு வரவில்லை.

வெள்ளிக்கிழமை அவர் வயலுக்குப் போனபிறகு அண்ணி அரிசிப் பானைக்குள் கைவிட்டுக் கார்டை எடுத்து என் மடியில் போட்டாள். "கொண்டு போ. இனிமே சேலை கேட்டு இந்தப் பக்கம் வராத."

தாலுகா ஆபீஸ் கிளார்க் கார்டைப் புரட்டினார். "எத்தனை வருசமா திருவனந்தபுரத்துல இருக்கீய?"

"பதினாறு வருசம்."

"அப்பம் போன மாசம் வரைக்கும் இதுல அரிசி வாங்குனது யாரு?"

சபையில் உண்மை சொன்னவள்தான் நான். அண்ணன் பெயரைச் சொன்னால் அவருடைய கார்டுக்கும் கேடு வந்துவிடும். "நான்தான், சார். மாசா மாசம் வந்து வாங்கிட்டுப் போவேன்" என்றேன்.

அவர் என் சேலையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். "அரிசிக்காக ரயிலேறி வருவீயளோ?" என்றார். நான் குனிந்துகொண்டேன். அவர் முத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு வேறு யாரிடமோ பேசப் போய்விட்டார். ஆபீஸ் மூடும் நேரத்துக்குத்தான் திரும்பி வந்து சர்டிபிகேட்டில் அதைக் குத்தினார்.

சனிக்கிழமை பாசஞ்சர் வண்டி திருவனந்தபுரத்துக்கு முந்தின ஸ்டேஷனான நேமத்தில் நின்றது நின்றபடி கிடந்தது. காகிதம் வியர்வையில் நனையாமல் இருக்க அதைக் கையிலேயே விரித்துப் பிடித்திருந்தேன். தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்து வார்டு ஆபீசுக்குள் நுழைந்தபோது பூட்டைக் கையில் எடுத்திருந்தார்கள். வாங்கிக்கொண்டார்கள். பட்டியலின் நகல் ஒன்றை என்னிடம் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்தால், சேச்சி எங்கள் வாசல் கல்லில் என் வீட்டுக்காரர் உடுத்தும் சாரத்தைத் துவைத்துக்கொண்டிருந்தாள். அவர் உள்ளே கஞ்சி குடித்த கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"பேப்பர் கிட்டியோ?"

"கிட்டிச்சு, சேச்சி."

அவள் கை ஒரு நிமிஷம் நின்றது. பிறகு சாரத்தைப் பிழிந்து, உதறி, கொடியில் விரித்துப் போட்டாள். "நல்லது" என்றாள். தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

அடுத்த மாதம் கக்கூஸ் வந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, உறை இறக்குகிறவனைத் திட்டித் திட்டி மட்டம் பார்த்தார். அன்று இரண்டு தரம் சோறு வாங்கித் தின்றார். பிள்ளைத்தாய்ச்சி பாலத்தில் போகவேண்டாம், இங்கே வரட்டும் என்று சேச்சியிடம் சொன்னேன். மருமகள் வந்தாள், பிரசவத்துக்குப் பிறகும் வந்தாள். சேச்சி மட்டும் ஒரு நாளும் வரவில்லை. பலகைப் பாலத்தில்தான் போனாள். எப்போதும்போல அக்கா என்றே கூப்பிட்டாள், கறிவேப்பிலை கேட்டாள், கொடுத்தாள். மறு வருஷப் பட்டியலில் அவள் பெயர் இருந்ததா, மகன் சொந்தமாகக் கட்டினானா என்பது நினைவில்லை. அதற்குள் நாங்கள் கிழக்கேகோட்டைப் பக்கம் வீடு மாறிவிட்டோம். அண்ணன் வீட்டிலிருந்து பிறகு ஒரு சேலையும் வரவில்லை.

அந்தப் பட்டியலின் நகல் என் தகரப் பெட்டியில் இன்னும் இருக்கிறது. மலையாளம் பேசுவேன், படிக்கத் தெரியாது. ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஏதோ மார்க் போட்டிருக்கிறது. எங்களுக்கும் சேச்சிக்கும் எவ்வளவு வித்தியாசம், பத்தாவது நாங்கள் என்பது நியாயமாக வந்ததுதானா என்று இத்தனை வருஷமும் நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்க வெட்கம். பயமும்தான். மலையாளம் தெரிந்தவர்கள் யாராவது அதை வாசித்துப் பார்த்து, நான் எழுதியதில் நாளோ கணக்கோ தப்பாக இருந்தால் திருத்திவிடுங்கள். மார்க்கையும் பார்த்துச் சொல்லுங்கள்.