ஐஸ் பெட்டிக்குள் போன கோமாரி மருந்து

தொண்ணூற்றைந்தில் அவிநாசிக்குத் தெற்கே அந்தச் சின்ன ஊரில் சாமியாத்தாள் வீட்டில் மட்டும்தான் ஃபிரிட்ஜ் இருந்தது. மகள் சீருக்கென்று வாங்கியது. மாப்பிள்ளை வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கவே, இங்கேயே தங்கிவிட்டது. விசேஷ வீட்டு மல்லிகை, யாகூப் பாயின் சர்க்கரை ஊசி மருந்து, யார் வீட்டுத் தோசை மாவோ, எல்லாம் அதற்குள் கிடக்கும்.

"இது நம்மூட்டுப் பொட்டியா, ஊர்ச் சாவடியா?" என்பார் வீட்டுக்காரர் வெள்ளியங்கிரி.

"உங்களையும் உள்ள வெச்சா சூடு கொஞ்சம் குறையுங்க மாமா."

வாங்கி வைத்த பொருளைக் கெடாமல் திருப்பிக் கொடுப்பதில் அவளுக்கு ஒரு வீம்பு. இதுவரை ஒருவரும் முகம் சுளித்ததில்லை.

அந்த ஐப்பசியில் பக்கத்து ஊரில் கோமாரி இறங்கியது. மாடுகள் எச்சில் ஒழுக, கால் ஊன்ற முடியாமல் நின்றன. கால்நடை ஆஸ்பத்திரி ஃபிரிட்ஜ் பழுது என்று டாக்டர் கிருபாசங்கர் தடுப்பூசி பாட்டில்களைச் சாயங்காலமே கொண்டுவந்து, நடுத்தட்டில் தானே அடுக்கினார்.

"சூடு பட்டுறக்கூடாதுங்கம்மா. இத விட்டா அடுத்த மருந்து எப்ப வருமோ தெரியாது."

விடிந்ததும் மும்முனைக் கரண்ட் வந்தது. ஊரிலுள்ள கிணறுகளிலெல்லாம் மோட்டார் ஓடத் தொடங்க, வோல்டேஜ் விழுந்து ஃபிரிட்ஜ் நின்றுபோனது. சாமியாத்தாள் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். இருக்கிற குளிர்ச்சியெல்லாம் மேலே ஐஸ் பெட்டியில்தானே? பாட்டில்களை எடுத்து அதற்குள் திணித்துவிட்டாள்.

டாக்டர் வந்தபோது எதிரே பால் சொசைட்டி முன்னால் மாடுகள் கூடிவிட்டிருந்தன.

"பயப்படாதீங்க. ஐஸுக்குள்ளயே வெச்சுப்போட்டேனுங்க."

டாக்டரின் முகம் செத்துவிட்டது. "ஐயோ, என்னங்கம்மா இப்படிப் பண்ணிட்டீங்க! இது கிருமியைக் கொன்னு செய்யற மருந்துங்க. உறைஞ்சு இளகுனா திரிஞ்ச பால்தான். ஊசி போட்டாலும் மாட்டுக்கு ஒண்ணும் ஏறாது."

வெளியே பக்கத்து வீட்டு ராசாத்தாளின் சினை மாடு கத்துவது கேட்டது. அந்தக் குடும்பத்துக்குச் சோறே அந்த மாடுதான்.

டாக்டர் ஐஸ் பெட்டியைத் திறந்தார். தட்டிலிருந்த ஐஸ்கட்டிகள் பாதி கரைந்து தண்ணீரில் மிதந்தன. ஒவ்வொரு பாட்டிலாக எடுத்து, சாய்த்துக் குலுக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சாமியாத்தாள் மருந்தைப் பார்க்கவில்லை. அவர் புருவத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிப் பாட்டிலையும் வைத்துவிட்டு அவர் மூச்சுவிட்டார். "ஒண்ணுகூட உறையலீங்க. கட்டி தட்டலை, பிரியலை. கரண்டு நல்லா இருந்திருந்தா இன்னேரம் அத்தனையும் கல்லா ஆயிருக்கும்."

"அப்ப மோட்டாரு போட்டது நல்லதுதானுங்களே?" என்றார் வாசலிலிருந்து வெள்ளியங்கிரி. "நாந்தானுங்க ஊர்லயே மொதல்ல போட்டேன்."

"நீங்க செத்த சும்மா இருங்க மாமா." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கூடவே கண்ணிலும் நீர் முட்டியது. முந்தானையால் துடைத்துக்கொண்டு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

உச்சி வெயிலுக்குள் ஊசி முடிந்தது. மோட்டார்கள் நின்று ஃபிரிட்ஜும் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. அக்கரைத் தோட்டத்து மாடுகளுக்கு மறுநாள்தான் வர முடியும் என்றார் டாக்டர். மிச்ச பாட்டில்களைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றார்.

"எதுக்குங்க யோசனை? இங்கயே வெச்சுட்டுப் போங்க," என்றாள் சாமியாத்தாள், எழுந்து ஃபிரிட்ஜைத் திறந்தபடி. "இனி நீங்க வெச்ச எடத்துல இருந்து நான் நகத்த மாட்டனுங்க."